புலி வருஷத்துக் கோபுரத்துக்குப் போய்விட்டாயா, மச்சான்?

குறட்டை விட்டே சயாம் காட்டுப் புலியை விரட்டிய என் அருமை மச்சான் கன்னியப்பனுக்கு,

உன் பெண்டாட்டியின் அண்ணன் தணிகாசலம் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எனக்கே எழுத்து பாதிதான் வரும், மீதி வாத்தியார் பிரம்புக்குப் பயந்து ஓடிவிட்டது. அதனால் எழுதி முடித்ததும் உன் மேட்டுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிக்கப் போகிறேன். சுற்றி நிற்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீ இப்போது எங்கே இருக்கிறாய்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் முதலில் என் கடைவாயைப் பார்ப்பாயே, சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று. இப்போது பார். ஒன்றும் இல்லை. பல்லும் இல்லை.

போன ஐப்பசி மழையில் உன்னை நம் கொல்லை மூலையில், கிணற்றுக்கு மேற்கே புதைத்தோம். மழையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இப்போது அந்தக் கொல்லையே நமது இல்லை என்கிறார்கள். யுத்தத்துக்காகப் பட்டாளம் இறங்க இடம் வேண்டுமாம். பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து தனியாக ஒரு ரயில் பாதை நம் ஊருக்குள்ளேயே வரப்போகிறதாம். தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடு மாடு, சட்டி பானை, கதவு நிலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் கிளம்பிவிட்டது. சங்கிலிச் சக்கரம் போட்ட வண்டி ஒன்று வந்திருக்கிறது. அதன் முன்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பலகை. பனைமரத்தைக் கோரைப்புல் மாதிரி சாய்க்கிறது. மேட்டைப் பள்ளத்தில் தள்ளி, இரண்டும் இருந்த இடம் தெரியாமல் வழித்துவிடுகிறது.

எல்லோரும் போய்விட்டார்கள். உன் பெண்டாட்டி போகவில்லை.

உன் தலைமாட்டில் நாலு பனையோலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பச்சையம்மா. நூம்பலில் கட்டிக்கொடுத்த உன் மகள் வண்டி அனுப்பினாள். வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சோறு கொண்டுபோய் வைத்தால் அதைக் காக்கைக்கு உருட்டிப் போடுகிறாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள், அதுவும் நான் கத்தினால். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நேற்று எழுந்து நிற்கப் பார்த்தாள். முடியாமல் உன் மேட்டையே பிடித்துக்கொண்டாள்.

வேலை பார்க்கிற மேஸ்திரி நல்ல மனுஷன். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பெருசு, அந்தம்மாவ இட்டுகினு போயிடு. அடுத்தாப்புல இந்தக் கொல்லதான்."

"சொன்னா கேக்கமாட்டேங்குதுபா. கூடப் பொறந்ததுதான். ஆனா என்னிய எப்ப மதிச்சுது?"

"நான் இன்னா பண்றது? வண்டி ஓட்டுறவன் வெள்ளக்காரன். அவனுக்குத் தமிழும் தெரியாது, கெழவியும் தெரியாது."

நான் அவளிடம் போனேன்.

"பச்சம்மா, எழுந்திரு."

"நீ போண்ணா. இவர வுட்டுட்டு நான் வரமாட்டேன்."

"அவன் இங்க இல்லம்மா."

"இங்க இல்லாம? பின்ன எங்க கீறாரு?"

"சயாம்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த இரும்புப் பலகையே மடங்கிப் போயிருக்கும்.

"செத்தவர் மேலயே கதை கட்ட ஆரம்பிச்சிட்டியா? சயாம்ல சேவலு யானை மேல ஏறிக்கினு கூவும்னு சொன்னவன்தான நீ? மீனு மரத்துல காய்க்கும்னு சொன்னவன்தான? அத நம்பி நான் கெணத்தடில போய்ச் சொல்லி, ஊரே சிரிச்சுது."

"இது நெசம்மா."

"அதையும் நெசம்னுதான் சொன்ன."

பார்த்தாயா மச்சான்? வாழ்நாளெல்லாம் என் வாயில் பொய் மணியாக வரும், கேட்டவர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் அது நிற்கவே மாட்டேன் என்கிறது. இதற்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் மண்ணுக்குள்ளே இருக்கிறானா, மலைமேலே இருக்கிறானா என்பதுதான் தெரியவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா அந்தச் சீமை? ரங்கூன் போய், மோல்மேன் போய், அங்கிருந்து மலை மலையாக ஏறி இறங்கி, தேக்கு வெட்டுகிற துரையின் பங்களாவுக்கு நீ குசினிக்காரனாகவும் நான் உன் எடுபிடியாகவும் போய்ச் சேர்ந்தோமே. பிரே என்று பெயர். சயாமுக்கு வடக்கே, மலைக்கு நடுவே. எங்கே பார்த்தாலும் தேக்கு. தேக்குக்கு நடுவே ஆறு, ஆற்றில் கட்டை, கட்டையைத் தள்ளிக்கொண்டு யானை. அந்த ஊரில் ஆணும் பெண்ணும் அவுரி நீலத்தில் முக்கின சட்டைதான் போடுவார்கள். தூரத்தில் சந்தை கூடினால் மேகம் இறங்கின மாதிரி இருக்கும். அவர்கள் சோற்றை நீ ஒரு கை எடுத்துப் பார்த்தாயே. "இது சோறா, கோந்தா மச்சான்? வாயில போட்டா கை ஊடு வந்து சேராது போலகீது" என்றாய்.

அந்த வருஷம் துரையின் அக்காள் புருஷன், படம் பிடிக்கிற பெட்டியோடு ஊர் பார்க்க வந்தான். அவனுக்கு வேளா வேளைக்குப் பொங்கிப் போடத்தான் நம்மையும் கூட அனுப்பினார்கள். ஆனால் அவன் பார்த்தது பாதி, நாம் பார்த்தது முழுசு. அவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம் நாம் கண்ணைத் திறந்துகொண்டு நின்றோம்.

வழி காட்டினவர் பர்மா யானைக்காரர் கோலா. அவர் பேர் வேறு என்னமோ. நம் வாயில் விழுந்து கோலா ஆகிவிட்டது. ரங்கூன் துறைமுகத்தில் நம் சனங்களோடு மூட்டை தூக்கினவர், அதனால் தமிழ் கொஞ்சம் வரும். கெட்ட வார்த்தை நன்றாகவே வரும்.

முதலில் பேய் ஊருக்குக் கூட்டிப்போனார். மழை அரித்து அரித்து, மண்ணே தூண் தூணாக நிற்கிற இடம். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கல்தொப்பி, காளான் முளைத்த மாதிரி. யாரும் கட்டவில்லை, யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் தெரு மாதிரி இருக்கும், முற்றம் மாதிரி இருக்கும். நீ முனீஸ்வரன் பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தாய். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து மூக்காலே கூப்பிட்டேன், "கன்னீப்பா... கன்னீப்பா..." என்று. படக்காரத் துரைக்கு வைத்திருந்த முட்டைக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாய். "உடைக்கிற வேல மிச்சம்" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்போது பேசாமல் இருப்பதும் அந்தக் கோபம்தானா? அப்படியென்றால் சொல்லிவிடு. இன்னொரு கூடை முட்டை வாங்கி வைக்கிறேன். எழுந்து ஒரு வார்த்தை பேசு.

அப்புறம் அந்தக் குகை. பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் போக, மூச்சு விடுகிற சத்தம் நமக்கே திரும்பிக் கேட்டது. கடைசியில் கல்லாலேயே ஆன ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. ராஜா மகளாம். காதலித்தவனோடு ஓடிவந்தவளாம். "புருசனுக்கு அடிபட்டுச்சு. நீ இரு, நான் வர்றேன்னு போனான். வரல. இவளும் போவல. கல்லு ஆயிட்டா" என்றார் கோலா. படக்காரத் துரை பளிச்சென்று ஒரு வெளிச்சம் போட்டுப் படம் எடுத்தான். நீ மட்டும் கல்லைத் தொடப் போய், தொடாமல் கையை அப்படியே நிறுத்திவைத்திருந்தாய்.

நேற்று பனையோலை நிழலில் பச்சையம்மாவைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குகைதான் வந்தது. இடுப்புக்குக் கீழே இப்போதே கல் மாதிரிதான் இருக்கிறாள் மச்சான். மேலே ஏறுவதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

கடைசியாகக் கோபுரம். நான் உன்னிடம் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

தேக்கங்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன மலை. பாசி பிடித்த படியில் ஏறிப்போனால், கவிழ்த்துவைத்த மணி மாதிரி, தங்கத் தகடு போர்த்தி நிற்கிறது. நம் ஊர்க் கோபுரம் போல அதற்கு வாசல் கிடையாது, உள்ளே போக முடியாது. சுற்றி வரலாம், அவ்வளவுதான். அன்றைக்கு ஏதோ விசேஷம். நீளமான பட்டுத் துணியை ஊரே வரிசையாகப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்து, கோபுரத்துக்குச் சேலை கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோலா சொன்னார்: "இவங்களுக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு மிருகம். எலி, மாடு, புலி, முயலு அப்படிப் போவும். எந்த மிருகத்து வருசத்துல பொறந்தியோ, அதுக்குன்னு ஒரு கோபுரம். அம்மா வயித்துக்குள்ள போறதுக்கு முன்ன உன் உயிரு அங்கதான் ஒக்காந்திருந்துச்சு. செத்தா, திரும்பி அங்கதான் போவும். உயிரோட ஒருக்கா வந்து பாத்துடணும். அப்பத்தான் அப்புறம் வழி தப்பாது. இது புலிக் கோபுரம்."

"நான் இன்னா வருசம் மச்சான்?" என்று என்னைக் கேட்டாய்.

"பன்னி வருசம்."

"பன்னி இவங்களுக்குக் கெடையாது. அதுக்குப் பதிலு யானை" என்றார் கோலா. உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாய் பார்!

அங்கே பட்டுத் துணியை முடிந்துகொண்டிருந்த கோயில் பெரியவர் ஒருவர் உன் வயதைக் கேட்டார். உனக்கு எங்கே தெரியும்? உன் அம்மா சொன்னது ஒன்றுதான். தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி வைத்தார்களே, அந்தத் தொட்டியை மூடின வருஷம் பிறந்தவன் நீ. "இவன் பொறந்து எல்லாத்தையும் குடிச்சிட்டான், அதான் மூடிட்டாங்க" என்று நான் சொன்னேன். அதைக் கோலா எப்படி மொழிபெயர்த்தாரோ, பெரியவர் சிரிக்கவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு எத்தனை மழை என்று விரல் கணுவை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கணுவில் நின்றார். கோபுரத்தைக் காட்டினார்.

புலி.

உன் முகத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். பஞ்சத்தில் பிறந்த பிள்ளை, பிறந்த நாள் யாருக்கும் ஞாபகம் இல்லாத பிள்ளை. அவனுக்கென்று யாரோ மலைமேலே தங்கத்தில் ஓர் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். உன் கண் கலங்கியது. கேலி செய்ய வாயைத் திறந்தேன், வரவில்லை.

ஆனால் நீ அதோடு விட்டாயா?

"என் சம்சாரம் இன்னா வருசம்? அதக் கேளு" என்றாய்.

நான் சும்மா இருக்காமல், "அவ இவனுக்கு ரெண்டு மழ சின்னவ. தூளில ஆட்டுனவன் நான், எனக்குத் தெரியும்" என்றேன். பெரியவர் இன்னும் இரண்டு கணு தள்ளி விரலை வைத்தார். நாக வருஷம். நாகத்துக்குக் கோபுரம் வேறு ஊரில், மலைக்கு அந்தப் பக்கம், வெகு தூரம்.

நீ என் காலை மிதித்தாய். இன்னும் அந்தக் கட்டைவிரல் நகம் கோணல்தான்.

"இல்ல இல்ல. அவளும் புலிதான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. இவன் பொய் சொல்றான்" என்றாய் கோலாவிடம். என் வாழ்க்கையில் நான் உண்மை சொன்னது அபூர்வம். அந்த ஒரு தடவையும் நீ பொய்யாக்கினாய்.

"தங்கச்சி வரலியே. வழி எப்படித் தெரியும்?" என்று கோலா கேட்டார். பெரியவர் ஏதோ சொன்னார். அவள் உடுத்தின துணி ஏதாவது இருந்தால் போதுமாம்.

உன் மூட்டையில் அந்த நார்த்தங்காய் ஜாடி இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது பச்சையம்மா உப்புப் போட்டு ஊறவைத்து, கிழிந்த சேலைத் துணியால் வாய் கட்டிக் கொடுத்தது. கடல் தாண்டி, மலை தாண்டி அதைப் பிள்ளை மாதிரி சுமந்துகொண்டு வந்தாய். அந்தத் துணியை அவிழ்த்தாய். உன் தலைத்துண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டாய். பெரியவர் வாங்கி, பட்டோடு பட்டாகக் கோபுரத்தில் கட்டிவிட்டார். ஊர் சனமெல்லாம் பட்டு கட்டுகிறது, நம் வீட்டுக் கந்தல் ஒன்றும் நடுவில் ஆடுகிறது. காற்று வீசினால் நார்த்தங்காய் வாசனை.

"சாமி முன்னாடி ஏன்டா பொய் சொன்ன?" என்று இறங்கும்போது கேட்டேன்.

"பின்ன இன்னா? நான் ஒரு மலைல, அவ ஒரு மலைலன்னா எனக்கு சோறு யாரு ஆக்குவா?"

"நீதான் குசினிக்காரனாச்சே."

படியில் முன்னால் இறங்கிப் போய்விட்டாய். ஆற்றங்கரையில் முகம் கழுவும்போதுதான் என் கையைப் பிடித்தாய்.

"மச்சான், இத அவகிட்ட சொல்லாத. என் மேல சத்தியம்."

"ஏன்டா? கேட்டா சந்தோசப்படுவா."

"படுவா. அதான் பயமா கீது. நான் முன்னாடி போயிட்டேன்னு வை. இது தெரிஞ்சா அடுத்த வண்டில கெளம்பிடுவா. அவளப் பத்தி உனக்குத் தெரியாது."

"என் தங்கச்சி. எனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாய்.

இத்தனை வருஷமும் என் வாயில் தங்கின ரகசியம் இது ஒன்றுதான் மச்சான். இன்றைக்கு இதுதான் தொண்டையில் நிற்கிறது. சொல்லாவிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். பட்டினியில் போவாள், இல்லாவிட்டால் அந்த வண்டியின் முன்னால் போவாள். சொன்னால், நீ பயந்த மாதிரியே, வழி தெரிந்துவிட்டது என்று அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டால்? இரண்டு பக்கமும் அவள்தான் போகிறாள். எனக்கு ஒரு பக்கம் காட்டு.

சொல்லட்டுமா, வேண்டாமா? இடிந்த நம் வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டு, ஏதாவது சொல்வாய் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டி உறுமுகிறது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குறட்டையாவது விடேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். பொழுது சாய்கிறது. எழுத்து கோணினால் சிரிக்காதே.

சொல்லிவிட்டேன்.

நீ சத்தியம் வாங்கினாய், நான் காப்பாற்றவில்லை. வேறு வழி இல்லாமல் போய்விட்டது. வண்டி வேலியைத் தாண்டிவிட்டது. கிணற்றுமேட்டை ஒரே தள்ளாகத் தள்ளியது. புழுதி எழும்பி உன் மேடும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டே ஓடினான். வண்டி நின்றது. புழுதி அடங்கினபோது அவள் தலை, புருவம், மடி எல்லாம் மண். அசையவில்லை. இமை மட்டும் கொட்டியது. குகையில் பார்த்த மாதிரியே.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பச்சம்மா, நார்த்தங்கா ஜாடி ஞாபகம் கீதா?"

"எந்த ஜாடி?"

"சயாம்லேந்து வாயத் தொறந்துகினு வந்துச்சே, அது."

உன் மேட்டுப் புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "கட்டுன துணி எங்கன்னு கேட்டேன். யானை தின்னுடுச்சுன்னாரு. ஏன்யா, நார்த்தங்காய வுட்டுட்டு கந்தலையா தின்னுச்சுன்னு கேட்டா, சிரிப்பாரு. எப்பக் கேட்டாலும் சிரிப்பாரு. வாயத் தொறக்கமாட்டாரு."

"யானை தின்னல பச்சம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். பேய் ஊரைச் சேர்க்கவில்லை, சேவலைச் சேர்க்கவில்லை, எனக்கு வழக்கமாக வருகிற ஜோடனை எதையும் சேர்க்கவில்லை. அவள் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், போலீஸ்காரன் மாதிரி.

"துணி இன்னா கலரு?"

"கனகாம்பரம். ஓரத்துல பச்ச."

உன் மேட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"என் வயசையா பொய் சொன்னாரு?"

"ஆமா. சாமிக்கு எதிர்லயே."

சிரித்துவிட்டாள் மச்சான்! ஐப்பசிக்கு அப்புறம் அவள் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்டேன். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகி, அழுகை ஓய்ந்து முகம் அப்படியே தெளிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் பனையோலையைத் தள்ளிவிட்டு, உன் மேட்டை ஒட்டி ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

"இன்னா பச்சம்மா, எழுந்திரு. அவன் இங்க இல்லேன்னுதான சொன்னேன்?"

"இல்லன்னா சரி. எனக்கும் இடம் போட்டு வச்சிருக்காரே. இனி எனக்கு இன்னா கவல? அந்த வண்டி வரட்டும். நேரம் ஆவாது."

உனக்குத் தெரியும் என்றாய், எனக்குத் தெரியாது என்றாய். சரிதான். நீதான் ஜெயித்தாய். உன்னைத் திட்டினேன், கோலாவைத் திட்டினேன், அந்த நார்த்தங்காய் மரத்தைக்கூடத் திட்டினேன். அப்புறம் என் வாய் தன் வழக்கமான வேலையைத் தானே செய்தது.

"அடியே, முழுசாக் கேக்காம படுத்துட்டா எப்படி? அந்தப் பெரியவரு இன்னொண்ணும் சொன்னாரு. பசியோட வர்ற உயிர மலப்படில ஏத்தமாட்டாங்களாம். வயிறாரச் சாப்ட்டு, தானா மூச்சு நிக்கிற வரிக்கும் இருந்துட்டு வந்தாத்தான் மேல. இல்லன்னா அடிப்படிலயே நிக்க வச்சிடுவாங்க. நீ இப்படியே போனன்னு வை, அவன் மேல, நீ கீழ. ஒரே மல, ஆனா பாத்துக்க முடியாது."

அவள் தலையைத் தூக்கி என்னை வெகு நேரம் பார்த்தாள்.

"இது நீ சேத்தது."

"சத்தியமா இல்ல."

"நீ சத்தியம் பண்ணாலே அது பொய்தான்."

நான் வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேசினால் அழுதிருப்பேன், அழுதால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தாள். கையை நீட்டினாள்.

"கஞ்சி கீதா? கொஞ்சமா ஊத்து. ஒருவேள நெசமா இருந்துட்டா இன்னா பண்றது?"

மேஸ்திரியின் தூக்கிலிருந்த கேழ்வரகுக் கஞ்சியைத்தான் வாங்கி ஊற்றினேன். அவள் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு அந்த மேஸ்திரியும் நின்றான், வண்டி ஓட்டுகிற வெள்ளைக்காரனும் இறங்கி வந்து நின்றான். அவனுக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

உன் மகள் மறுபடி அனுப்பின நூம்பல் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது மச்சான். அவளை நானே தூக்கி ஏற்றினேன், எடை என்று ஒன்றும் இல்லை. இடிந்த சுவரோரம் கிடந்த அந்த ஜாடியை எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்து கிடக்கிறதே, புழுதி விழுமே, என் துண்டைக் கிழித்துக் கட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அதுக்குத் துணி அங்க கீது" என்றாள்.

இனி நீயும் நானும்தான். அவள் காதில் விழாத விஷயம் கொஞ்சம் உண்டு.

சயாமில் இப்போது ஜப்பான்காரன் இருக்கிறானாம். வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் அங்கேயெல்லாம் போய்க் குண்டு போடுகிறதாம். ஸ்டேஷனில் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கோபுரம் நிற்கிறதா? நின்றாலும் உன் துண்டும் அவள் கந்தலும் எந்த மழைக்காலத்தில் இற்று விழுந்ததோ? துணி போனால் வழியும் போய்விடுமா? கோலாவைக் கேட்கலாம் என்றால், அவருக்கும் அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு கோபுரம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. நான் எந்த மிருகத்து வருஷம்? உனக்குக் கேட்டாய், அவளுக்குக் கேட்டாய். எனக்குக் கேட்க உனக்கும் தோன்றவில்லை, கேலி செய்கிற மும்முரத்தில் எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் இரண்டு பேரும் புலி என்று ஆகிவிட்டது. நான் செத்தால் எந்த மலைக்குப் போவேன்? யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்? வந்து உங்கள் அடிப்படியில் உட்கார்ந்தால், இவனும் எங்கள் வயதுதான் என்று இன்னொரு பொய் சொல்வாயா?

அப்புறம் அந்தப் பசி விஷயம். அங்கே அப்படி ஒரு கட்டளை இல்லாவிட்டால், அந்தப் பெரியவரிடம் பேசி எப்படியாவது போடச் சொல். அவள் நாளைக்கு அங்கே வந்து விசாரித்து, இல்லை என்று தெரிந்தால், என்னை அங்கேயும் வாழவிடமாட்டாள்.

இதெல்லாம் நீ அங்கே இருந்தால். நீ இங்கேயே இருந்தால்?

அதுதான் என்னை அரிக்கிறது மச்சான். அவளுக்குச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்குத் தெரியுமா? உன் தூக்கம் எனக்குத் தெரியாதா? சயாம் காட்டில் யானை உன் காதுப்பக்கத்தில் பிளிறினாலும் புரண்டு படுப்பாய். துரைக்குத் தேத்தண்ணீர் நேரமாகிவிடும், நான்தான் கம்பளியை உருவி, காலைப் பிடித்து இழுத்து எழுப்புவேன். செத்த அன்றைக்கு உன்னை யார் எழுப்பினார்கள்? மழை பெய்தது, எல்லோரும் அழுதோம், மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிட்டோம். எழுந்து போக வேண்டும் என்றே தெரியாமல் நீ இன்னும் இங்கேயே தூங்கிக்கொண்டிருந்தால்? நாளைக் காலையில் அந்தப் பலகை வந்து உன்னையும் மண்ணையும் ஒன்றாக வழித்துப் பள்ளத்தில் தள்ளினால்?

கன்னியப்பா, கேள். நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். இந்தக் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் உன் தலைமாட்டில் நின்று கத்திப் படிப்பேன். எழுந்திருக்காவிட்டால் "கன்னீப்பா" என்று மூக்காலே கூப்பிடுவேன், பேய் ஊரில் கூப்பிட்ட மாதிரி. அதற்கும் அசையாவிட்டால் கால்மாட்டு மண்ணைக் கையாலே தோண்டி உன் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பேன். மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் கையைக் காட்டுகிற வரைக்கும் வண்டி வராது.

நீ எழுந்து போய்விட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? தெரியாது. ஆனால் இந்த ஊரில் நான் சொன்ன பொய்யையெல்லாம் ஒன்று விடாமல் நம்பின ஆள் நீ ஒருத்தன்தான். முட்டைக் கூடையில் உட்கார்ந்த பிறகும் அடுத்ததை நம்பினாய். நாளைக்கு என் முறை. நீ நடந்துவிட்டாய் என்று நம்பிக் கையைக் காட்டுவேன். காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நூம்பலுக்கு நடப்பேன். அவள் வயிறாரச் சாப்பிடுகிறாளா என்று கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன். இது சத்தியம். நான் பண்ணினாலும் இது பொய் இல்லை.

எழுந்திரு மச்சான். சீக்கிரம் விடிந்துவிடும். வழி உனக்குத் தெரியும்.

உன் மச்சான்,
புலி வருஷமாக்கப்பட்ட பச்சையம்மாவின் அண்ணன்,
எந்த வருஷத்திலும் சேராத தணிகாசலம்